உதக்கச் சட்டிக்குள்ள யாரெல்லாம் இருக்காங்க? நீலகிரி கிழங்குகளின் 200 வருஷக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

போன எபிசோடுல பிரியாணி பத்திப் பேசிட்டு, இந்த வாரம் அதுக்கு நேரெதிரா, ரொம்ப எளிமையான ஒரு சாப்பாட்டுக்கு வர்றோம். நீலகிரியில படுகர் வீடுகள்ல செய்யற அவரெ உதக்க. உதக்கன்னா குழம்பு மாதிரி, ஆனா நம்ம ஊர்க் குழம்பைவிடக் கொஞ்சம் தளர்வா இருக்கும். அவரைப் பயறு, உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு, அவங்க வீட்டுல அரைச்சு வெச்ச மசாலாப் பொடி. பக்கத்துல ராகிக் களி, இல்லைன்னா சோறு. ஊட்டிக் குளிர்ல, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல, இதுக்கு ஈடா எதையும் என்னால சொல்ல முடியாது.

படுகர்களோட பாரம்பரிய உணவுன்னு தேடினா முதல்ல வர்றது இதுதான். சரி, இப்போ ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவோட ஆண்டீஸ் மலையில இருந்து வந்தது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தது. தக்காளி போட்டீங்கன்னா அதுவும் அங்கிருந்துதான். அவரைக்குப் பதிலா இன்னைக்குப் பல வீடுகள்ல பட்டர் பீன்ஸ் போடறாங்க, அதோட முன்னோரும் அமெரிக்கக் கண்டத்துக்காரங்கதான். 200 வருஷத்துக்கு முன்னாடி இந்த மலையில உருளைக்கிழங்கே கிடையாது. அப்போ 'பாரம்பரியம்'னு எதைச் சொல்றோம்?

இந்தக் கேள்வி நீலகிரிக்கு மட்டும் இல்ல. ஜப்பானுக்கு ஒரு எட்டு போயிட்டு வரலாம்.

ஒரு மடாலயத்து சூப்

ஜப்பான்ல கென்சின்ஜிருன்னு ஒரு சூப் இருக்கு. கறி, மீன் எதுவும் இல்லாத, முழுக்க முழுக்கக் கிழங்கும் வேரும் போட்ட சூப். வெள்ளை முள்ளங்கி, கேரட், கோபோன்னு ஒரு நீள வேர், சேப்பங்கிழங்கு, கொஞ்சம் டோஃபு. காய்களை முதல்ல எள்ளெண்ணெயில வதக்கிட்டு, கடல்பாசியும் காளானும் ஊறின தண்ணியை ஊத்திக் கொதிக்க விடுவாங்க. கூடவே கொன்யாகுன்னு ஒரு வழுவழு ஐட்டம், அது நம்ம சேனைக்கிழங்கோட சொந்தக்காரக் கிழங்குல இருந்து செய்யறது. சேப்பங்கிழங்கைப் பொறுத்தவரை சொந்தம்கூட இல்ல, நம்ம வீட்டுல புளிக்குழம்புல போடற அதே செடிதான்.

இந்த சூப்புக்கு ஒரு பிறந்த ஊர் சொல்றாங்க: தோக்கியோவுக்குத் தெற்கே காமகுராவுல இருக்கிற கென்சோஜி மடாலயம். 1253-ல கட்டினது. அதோட முதல் தலைமைத் துறவி, சீனாவுல இருந்து 1246-ல ஜப்பானுக்கு வந்த லான்ஷி தாவ்லோங். ஒரு இளம் துறவி டோஃபுவைக் கீழ போட்டுட்டாராம். தலைமைத் துறவி அதைப் பொறுக்கி, கழுவி, சூப்புல போட்டுட்டாராம். அதனாலதான் இன்னைக்கும் டோஃபுவைக் கத்தியால வெட்டாம கையால உடைச்சுப் போடணும்னு கதை. கென்சோஜி சூப்னு இருந்தது மருவி கென்சின்ஜிரு ஆச்சுன்னு ஒரு கட்சி. இல்ல, காய்களை மெல்லிசா நறுக்கிச் சுருட்டிச் செய்யற ஒரு சீனப் பதார்த்தத்தோட பேர்ல இருந்து வந்ததுன்னு இன்னொரு கட்சி. எனக்கு ரெண்டாவதுதான் நம்பும்படியா இருக்கு. கீழ விழுந்த டோஃபு கதை ரொம்ப அழகா இருக்கு, அதுதான் பிரச்சினையே.

ஆனா நமக்கு வேண்டிய விஷயம் வேற. கேரட் ஜப்பானுக்குப் போனதே 17-ஆம் நூற்றாண்டு வாக்குல. அதாவது 13-ஆம் நூற்றாண்டுத் துறவியோட சூப்புல கேரட் இருந்திருக்க வாய்ப்பே இல்ல. இன்னைக்குக் கேரட் இல்லாம கென்சின்ஜிரு வைக்கிறவங்க அபூர்வம். உருளைக்கிழங்குக்கு ஜப்பான்ல ஜகாய்மோன்னு பேரு. டச்சு வியாபாரிகள் ஜகதாராவுல இருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவுல இருந்து கொண்டு வந்த கிழங்குங்கறதால அந்தப் பேரு. வந்த வழி பேர்லயே பதிவாகி இருக்கு. இந்த மாதிரி கிழங்கு சூப்புகள் அங்க பகுதிக்குப் பகுதி மாறும். யாமகாதாவுல சேப்பங்கிழங்கோட மாட்டிறைச்சியும் சோயா சாஸும். பக்கத்து மியாகியில அதே கிழங்குக்குப் பன்றிக்கறியும் மிசோவும். எது ஒரிஜினல்னு ரெண்டு ஊருக்கும் ஓயாத சண்டை. நம்ம ஊர் சாம்பார்ச் சண்டை மாதிரின்னு வெச்சுக்கோங்க.

நீலகிரியிலயும் அப்படித்தான், வெளியூர்க் கிழங்கு உள்ளூர்ச் சட்டிக்குள்ள வந்த கதை. ஆனா இங்க யார் கொண்டு வந்தாங்க, எந்த வருஷம், யாருக்காகங்கறதுக்கெல்லாம் பதிவு இருக்கு. அதனால கதை அவ்வளவு இதமா இருக்காது.

1819-க்கு முன்னாடி

நீலகிரி மேட்டுநிலத்துல அப்போ தோடர்கள் எருமை வளர்த்தாங்க. கோத்தர்கள் இரும்பு வேலையும் மண்பாண்டமும் செஞ்சாங்க, சடங்குகளுக்கு வாத்தியம் வாசிச்சாங்க. குறும்பர்கள் காட்டுல தேனும் மற்ற பொருளும் எடுத்தாங்க. படுகர்கள் விவசாயம் பண்ணினாங்க. பால், நெய், பானை, தேன், தானியம் எல்லாம் காசில்லாம கைமாறிச்சு. மானுடவியல் படிக்கிறவங்க இன்னைக்கும் இந்தப் பரிமாற்ற முறையை எடுத்துக்காட்டாச் சொல்வாங்க. அதுல எல்லாரும் சமம்னு நினைச்சுக்காதீங்க, அப்படி இல்ல. ஆனா ஒருத்தர் இல்லாம ஒருத்தருக்கு ஓடாது.

படுகன்னா வடக்கே இருந்து வந்தவர்னு அர்த்தம். விஜயநகரம் வீழ்ந்த பிறகு மைசூர்ப் பக்கத்துல இருந்து மலை ஏறி வந்தவங்கன்னு பொதுவா சொல்றாங்க. 1603-ல ஃபெனிசியோன்னு ஒரு யேசு சபைப் பாதிரியார் கேரளக் கரையில இருந்து மலை ஏறி வந்தப்பவே இங்க படுகர்களைப் பார்த்து எழுதி வெச்சிருக்கார். அவங்க நிலத்துல ராகி, சாமை, பார்லி வகை, ஒரு பழைய கோதுமை வகை, கீரை. புதுத் தானியத்தைச் சாமிக்குப் படைக்கிற தெவ்வ ஹப்பா இன்னைக்கும் அவங்க நாட்காட்டியில இருக்கு. கவனிங்க, அது தானியத்துக்கான பண்டிகை, கிழங்குக்கானது இல்ல.

அப்போ கிழங்கே இல்லையான்னா, இருந்துச்சு. காட்டுல. குறும்பரும் இருளரும் நீளக் கம்பியால மண்ணைத் தோண்டி எடுக்கிற காட்டு வள்ளிக்கிழங்குகள். இந்த மலையோட சொந்தக் கிழங்கு எதுன்னு கேட்டா அதுதான். எந்த ஊட்டி ஹோட்டல் மெனுவுலயும் அது இருக்காது.

மூணு ரூபா சந்தா

1812-ல வில்லியம் கீஸ் சர்வேக்கு வந்தார். 1818-ல விஷ், கிண்டர்ஸ்லின்னு ரெண்டு பேர் மேல ஏறிட்டு வந்து குளிர் பத்திச் சொன்னாங்க. 1819-ல கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் வந்தார். கோத்தகிரிக்குப் பக்கத்துல கன்னேரிமுக்குல அவர் கட்டின பங்களா இன்னைக்கும் நினைவகமா இருக்கு. 1820-களின் ஆரம்பத்துல ஊட்டியில நிலம் வாங்கி ஸ்டோன் ஹவுஸ் கட்டினார். அவர் ஒரு விசித்திரமான ஆளு. ஒரு பக்கம் தோடர்களோட நிலத்தை வாங்கறார், இன்னொரு பக்கம் இந்த நிலம் தோடர்களுக்குத்தான் சொந்தம்னு அரசாங்கத்தோட வாதாடறார்.

அவருக்கு விதை போட்டுப் பார்க்கிற பைத்தியம் ஒண்ணு இருந்துச்சு. உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், ஐரோப்பியக் காய்கள், பழங்கள், பார்லின்னு எல்லாத்தையும் இங்க வளருமான்னு பார்த்தார். வளர்ந்துச்சு. ரொம்ப நல்லாவே வளர்ந்துச்சு.

காரணம் ரொம்ப சிம்பிள். நோயாளி சிப்பாய்களும் வெயில் தாங்காத அதிகாரிகளும் மலைக்கு வந்தா, அவங்க ஊர்ச் சாப்பாடு வேணும். 1847-ல ஊட்டியில இருந்த ஐரோப்பியர்கள் சேர்ந்து ஒரு காய்கறித் தோட்டம் போட்டாங்க. மாசம் 3 ரூபா சந்தா கட்டினா காய்கறி வீட்டுக்கு வந்துடும். இன்னைக்கு ஆப்ல வாராந்திர சப்ஸ்கிரிப்ஷன் எடுக்கிறோம்ல, அதேதான். ஆனா அந்தத் தோட்டம் சரியா ஓடல. அடுத்த வருஷம் கியூ தோட்டத்துல இருந்து டபிள்யூ.ஜி. மெக்ஐவர் வந்து பொறுப்பெடுத்தார். மே மாசம் மலர்க் கண்காட்சிக்கு நீங்க டிக்கெட் எடுத்து செல்ஃபி எடுக்கிற தாவரவியல் பூங்கா அங்கிருந்து தொடங்கினதுதான். உருளை, கேரட், பீட்ரூட், கோஸ் எல்லாத்தையும் நம்ம சந்தையில இன்னைக்கும் 'இங்கிலீஷ் காய்'னு சொல்றாங்க பாருங்க. ஜகாய்மோ மாதிரியே பேர்ல ஒரு பதிவு.

படுகர் நிலத்துக்குள்ள

துரைமார் தோட்டத்துக் கிழங்கு படுகர் நிலத்துக்கு ஏன் வந்துச்சு? ருசிக்காகன்னு சொன்னா அது பாதி உண்மைதான்.

பழைய முறையில ஒரு குடும்பம் பட்டா நிலத்தை மாத்தி மாத்திப் பயிர் பண்ணும். ஒரு துண்டு நிலத்துல கொஞ்ச வருஷம் சாமை, ராகி போட்டுட்டு அதை ஓய்வெடுக்க விட்டு, அடுத்த துண்டுக்குப் போயிடும். வரி கட்டறது பயிர் இருக்கிற நிலத்துக்குத்தான். வெள்ளைக்காரங்க இதைப் 'புர்ட்டி' முறைன்னு எழுதினாங்க. காப்பிக்கும் தேயிலைக்கும் சின்கோனாவுக்கும் நிலம் தேவைப்பட்டப்ப, சும்மா கிடக்கிற மாதிரித் தெரிஞ்ச அந்த ஓய்வு நிலம் எல்லாம் கண்ணை உறுத்திச்சு. 1860-களில் அந்த முறையை எடுத்துட்டாங்க. நிலம் சுருங்கிடுச்சு. சுருங்கின நிலத்துல, ஓய்வு கொடுக்காம, அதிகச் சாப்பாடும் கையில காசும் தர்ற பயிர் எது? உருளை. ஊட்டி, குன்னூர், வெலிங்டன் பட்டாளத்து முகாம்னு வாங்கறதுக்கு ஆளும் பக்கத்துலயே இருந்தாங்க. உருளை பரவினதுக்கு ருசியைவிட இந்த நெருக்கடிதான் பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன்.

வருஷத்துக்கு மூணு போகம் எடுக்க முடிஞ்சது: கார்போகம், கடைபோகம், நீர்போகம். 1899-ல ரயில் மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் வந்துச்சு, 1908-ல ஊட்டி வரைக்கும். நீங்க ஜன்னல் சீட்டுக்காகச் சண்டை போடற அந்த மலை ரயிலைத்தான் சொல்றேன். மூட்டை கீழ இறங்க வழி கிடைச்சாச்சு. ஆனா மேட்டுப்பாளையத்துல மண்டிக்காரங்க சொன்னதுதான் விலை. விதைக்குக் கடன் கொடுத்தவர்கிட்டயே விளைச்சலையும் கொடுத்தாகணும். இதை உடைக்கறதுக்காக 1935-ல நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் வந்துச்சு. அதுக்கு முன்னின்றவர் ஹுப்பதலையைச் சேர்ந்த ராவ் பகதூர் ஹெச்.பி. ஆரி கவுடர். மேட்டுப்பாளையத்துல சங்கமே ஏலம் விட ஆரம்பிச்சது. பல படுகர் வீட்டுப் பிள்ளைகளைப் படிக்க வெச்சது உருளைக்கிழங்குக் காசுன்னு அந்தத் தலைமுறை ஆட்கள் சொல்லிக் கேட்கலாம்.

இந்தக் காலத்துலதான், அனேகமா யாரும் முடிவெடுக்காமலே, அவரைச் சட்டிக்குள்ள உருளை நிரந்தரமா உட்கார்ந்துடுச்சு.

ஆண்டீஸ்ல இருந்து வந்த இன்னொரு விருந்தாளி

ஒரு பயிரைத் தனியா கொண்டு வர முடியாது, அதோட எதிரிகளும் கூடவே வரும். இந்தியாவுல உருளையோட பின்கருகல் நோயை முதல்ல பார்த்தது நீலகிரியிலதான், 1870-லிருந்து 1880-க்குள்ள. 1845-ல அயர்லாந்தைப் பஞ்சத்துல தள்ளின அதே நோய்.

ரெண்டாவது எதிரி இன்னும் நிதானமான ஆளு. 1961-ல இங்கிலாந்தைச் சேர்ந்த எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ்ங்கற நிபுணர் ஊட்டி விஜயநகரம் பண்ணையில ஒரு உருளைச் செடியோட வேரைப் பார்த்தார். கடுகைவிடச் சின்னதா உருண்டை உருண்டையா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. முட்டைக்கூடு நூற்புழு. இந்தியாவுல அதுதான் முதல் பதிவு. தங்க நிறம், வெள்ளை நிறம்னு ரெண்டு வகை உண்டு, ரெண்டுமே இங்க இருக்கு.

இது எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா கொஞ்சம் சிலிர்க்கும். பெண் புழு வேர்ல உட்கார்ந்து சாறு குடிச்சு, உடம்பு முழுக்க முட்டையா வீங்கி, அப்படியே செத்துடும். செத்த உடம்போட தோல் கெட்டியாகி ஒரு பெட்டி ஆயிடும். ஒரு பெட்டிக்குள்ள சில நூறு முட்டை. அது மண்ணுக்குள்ள இருபது வருஷம்கூடக் காத்திருக்கும். பக்கத்துல உருளை வேர் வளர்ந்து, அந்த வேர்ல இருந்து கசியற ரசாயனம் பட்டாத்தான் பெரும்பாலான முட்டைகள் பொரியும். வேற பயிர் போட்டா தூங்கிட்டே இருக்கும். மேல இருந்து பார்த்தா செடி ஏதோ தண்ணி இல்லாம வாடற மாதிரித்தான் தெரியும். தோண்டினா கோலிக்குண்டு அளவுல கிழங்கு.

இது எப்படி வந்துச்சு? பிரிட்டன்ல இருந்து வந்த விதைக்கிழங்குல ஒட்டியிருந்த மண்ணோட வந்திருக்கும்னுதான் பொதுவாகக் கருதறாங்க. ஜப்பான்லயும் இதே தங்கப் புழு 1972-ல ஹொக்கைடோ தீவுல கண்டுபிடிக்கப்பட்டது. அங்க சந்தேகம் வேற மாதிரி: பெருவுல இருந்து உரமா இறக்கின பறவை எச்சத்தோட வந்திருக்கும்னு. எந்த வழியா வந்திருந்தாலும் புழுவோட சொந்த ஊரும் கிழங்கோட சொந்த ஊரும் ஒண்ணுதான், ஆண்டீஸ்.

விளைவுகள் கடுமையா இருந்துச்சு. நீலகிரி விதைக்கிழங்கு மத்த மாநிலங்களுக்குப் போகக் கூடாதுன்னு தடை வந்துச்சு. விவசாயிகள் மண்ணுல கடுமையான பூச்சிமருந்துக் குருணை போட ஆரம்பிச்சாங்க. அந்த மண்ணுல இருந்து வடியற தண்ணிதான் ஓடைக்குப் போகுது, அந்த ஓடைதான் பவானிக்குப் போகுது. முத்தோரையில 1957-ல ஆரம்பிச்சிருந்த மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் எதிர்ப்புச் சக்தி உள்ள ரகத்தைத் தேடி, 1985-ல குஃப்ரி ஸ்வர்ணாவை வெளியிட்டது. ரெண்டு வகைப் புழுவையும் தாங்கும். அதுக்கு முன்னாடி மலையில பரவியிருந்தது கிரேட் ஸ்காட்னு ஒரு வெளிநாட்டு ரகமும், 1968-ல வந்த குஃப்ரி ஜோதியும். இந்தப் 'குஃப்ரி' என்னன்னு யோசிக்கிறீங்களா? சிம்லா பக்கத்துல இருக்கிற ஒரு மலை ஊர். இந்திய உருளை ரகங்களுக்கெல்லாம் அதுதான் இனிஷியல்.

இன்னொரு வழி, மூணு நாலு வருஷத்துக்கு உருளை போடாம கேரட், கோஸ், பூண்டு, முள்ளங்கின்னு மாத்திப் போடறது. புழுவுக்கு இதெல்லாம் பிடிக்காது. கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா பக்கம் போனீங்கன்னா பள்ளத்தாக்கு முழுக்கக் கேரட் பாத்தியாத் தெரியும். அதுக்கு நல்ல விலை ஒரு காரணம்னா, மண்ணுக்குள்ள தூங்கிட்டிருக்கிற அந்தப் புழுவும் ஒரு காரணம். அதாவது உதக்கச் சட்டியில என்ன காய் போடலாம்னு முடிவு பண்றதுல கண்ணுக்கே சரியாத் தெரியாத ஒரு புழுவுக்கும் பங்கு இருக்கு.

தேயிலைக்குப் போனவங்க

இன்னும் நிறைய பேர் உருளையை விட்டுட்டே போனாங்க, தேயிலைக்கு. 1962-ல குந்தாவுல முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்துச்சு. சொந்தமா ஃபேக்டரி இல்லாத சின்ன விவசாயியும் பச்சைத் தேயிலை விக்க முடியும்னு ஆச்சு. புழு இல்ல, கருகல் இல்ல, வருஷம் முழுக்கப் பறிக்கலாம். சாமையும் ராகியும் இருந்த சரிவு உருளையாகி, உருளைச் சரிவு தேயிலையாச்சு. 1990-களின் கடைசியில பச்சைத் தேயிலை விலை உச்சத்துக்குப் போய், சீக்கிரமே சரிஞ்சு விழுந்தப்ப, இந்த மாதிரி ஊர்கள்தான் அடி வாங்கிச்சு. தேயிலையை வேகவெச்சுச் சாப்பிட முடியாது. உருளை விலை விழுந்தா குறைஞ்சபட்சம் உதக்கவாவது வைக்கலாம்.

தோட்டத்துல வேலை செய்யறவங்க யாருங்கறதும் மாறிச்சு. 1964-ல சாஸ்திரி-சிரிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கை மலையகத்துல இருந்து தமிழ்க் குடும்பங்கள் நீலகிரிக்கு வந்தாங்க. அவங்களுக்காக 1968-ல தொடங்கின அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம்தான் இன்றைய டான்டீ. எல்லாருக்கும் அங்க இடம் கிடைக்கல. நிறைய பேர் காய்கறி நிலங்கள்ல கூலிக்குப் போனாங்க. நீங்க கோயம்புத்தூர்லயோ சென்னையிலயோ சூப்பர் மார்க்கெட்ல எடுக்கிற பளபள ஊட்டி கேரட், விடியறதுக்கு ரொம்ப முன்னாடி, டார்ச் வெளிச்சத்துல, உறைபனியில பிடுங்கினது. மெஷின்ல கழுவி லாரி ஏத்தினா காலையில சந்தையில இருக்கும். நீலகிரி காய்கறி பத்தின பேச்சுல சல்லிவன் பேர் வர்ற அளவுக்கு இந்தக் கைகள் வர்றதில்லைங்கறது எனக்கு உறுத்தற விஷயம்.

சட்டியில இப்போ

சமீப வருஷங்கள்ல சில படுகர் குடும்பங்கள் சின்ன அளவுல சாமை, ராகியைத் திரும்பப் போட்டுப் பார்க்கறாங்க. ஹோம்ஸ்டே வைக்கிறவங்க 'ஆத்தென்டிக் படுகா மீல்'னு களியும் உதக்கவும் பரிமாறறாங்க. அந்த உதக்கவுல உருளை இருக்கும், மிளகாய்ப் பொடி இருக்கும். இருக்கட்டும். கென்சோஜியில கேரட் இருக்கிற மாதிரி. ஐந்தாறு தலைமுறை சாப்பிட்டுட்டாங்க, அது அவங்க சாப்பாடுதான். அதை 'ஒரிஜினல் இல்ல'ன்னு சொல்ல நமக்கு உரிமை இல்ல.

ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லிட்டு முடிக்கிறேன். அடுத்த தடவை ஊட்டிக்கு மேட்டுப்பாளையம் வழியா போனீங்கன்னா உருளைக்கிழங்கு மண்டிப் பக்கம் வண்டியை நிறுத்திப் பாருங்க. நீலகிரி உருளைக்குத் தனி ஏலம், தனி விலை. தோல்ல செம்மண் ஒட்டியிருக்கும், விலை கூடுதலா இருக்கும். அதே தெருவுல கோலார், குஜராத், உத்தரப் பிரதேசம்னு மத்த ஊர் மூட்டைகளும் இறங்கிட்டு இருக்கும். அதுல சில மூட்டைகள் மலை மேல ஏறிப் போகும்.

அடுத்த வாரம் வர்க்கி பத்திப் பேசலாம். டீயோட கேளுங்க.